பசுமைக் கட்சியும் சமூக நீதியும்: முடிவெடுப்பது யார், செலவை ஏற்பது யார்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: காற்றையும் நீரையும் காட்டையும் காப்பதற்காகத் தோன்றிய ஐரோப்பியப் பசுமைக் கட்சிகள், போர், அகதிகள், பெண்ணுரிமை, வேலையில்லாதோர் உதவித்தொகை என்று நாட்டு அரசியலின் எல்லா விவகாரங்களிலும் ஏன் தலையிடுகின்றன? இவை வாக்குக்காகப் பின்னாளில் ஒட்டவைத்துக்கொண்ட கொள்கைகளா, தொடக்கம் முதலே இருந்தவையா?

எல்லா நாட்டுப் பசுமைக் கட்சிகளையும் ஒரே பதிலுக்குள் அடைத்தால் எதையும் உருப்படியாகச் சொன்னதாக ஆகாது. எனவே ஜெர்மனியின் பசுமைக் கட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1980இல் தோன்றிய அந்தக் கட்சி 1998 முதல் 2005 வரையிலும், பின்னர் 2021 முதல் 2025 வரையிலும் மத்திய ஆட்சியில் பங்கேற்றது. ஆகவே அது மேடையில் பேசியதை அது ஆட்சியில் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூக நீதி அக்கட்சிக்குப் பிற்சேர்க்கை அன்று, பிறவியிலேயே வந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முடிவெடுக்கும் இடத்தில் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒன்று; அந்த முடிவுக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் அக்கட்சி மற்றவர்களுக்கு முன்னே நடந்தது. இரண்டாவதில் ஒன்றுக்கு மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டது.

சமூக நீதி என்றதும் நமக்குச் சாதியும் இடஒதுக்கீடும் நினைவுக்கு வருவது இயல்பு. ஜெர்மானியர்கள் அதே பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தும்போது பெரும்பாலும் கூலி, வாடகை, ஓய்வூதியம், வரிச்சுமை ஆகியவற்றைத்தான் நினைக்கிறார்கள். பெண்கள், குடியேறியவர்கள், தன்பாலினத்தவர் ஆகியோரின் உரிமைகளை அதே சொல்லின் கீழ் கொண்டுவந்ததில் பசுமைக் கட்சிக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கூட்டலே அதன் பலம். அதன் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து.

கட்சி பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, தென்மேற்கு ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள வீல் என்ற ஊரில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே ஓர் அணுமின் நிலையம் கட்ட மாநில அரசு முடிவு செய்திருந்தது. அந்த வட்டாரம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மூட்டமாகப் படிந்து வெயிலை மறைத்துவிடும், பிறகு கொடியில் பழம் இனிக்காது என்பதுதான் விவசாயிகளின் முதல் அச்சம். கதிர்வீச்சு பற்றிய அச்சம் அதன் பின்னால் வந்தது. 1975 பிப்ரவரி 18 அன்று ஊர்மக்கள் கட்டுமான இடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் காவல்துறை தண்ணீரைப் பீய்ச்சியடித்து அவர்களை வெளியேற்றியது. பிப்ரவரி 23 அன்று சுமார் 28,000 பேர் திரும்பி வந்து அந்த இடத்தை மீண்டும் பிடித்தார்கள். திராட்சை விவசாயிகளோடு பக்கத்து ஃப்ரைபுர்க் நகரத்து மாணவர்களும், ஆற்றுக்கு அக்கரையில் இருந்து வந்த பிரெஞ்சு நாட்டு அல்சாஸ் மக்களும் அதில் இருந்தார்கள். வட்டார வழக்கில் அவர்கள் எழுதிவைத்த வாசகத்தின் பொருள், "வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்" என்பதே. இந்த நிலையம் இல்லாவிட்டால் பத்தாண்டின் இறுதியில் விளக்குகள் அணையத் தொடங்கும் என்று மாநில முதலமைச்சர் ஹான்ஸ் ஃபில்பிங்கர் எச்சரித்தார். நிலையம் கட்டப்படவே இல்லை, விளக்குகளும் அணையவில்லை.

அந்த வாசகத்தில் சுற்றுச்சூழல் என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் என்ன கட்டுவது என்பதை எங்களைக் கேட்காமல் யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய ஒருவர், ஏவுகணை எங்கே நிறுத்தப்படுகிறது, கருக்கலைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் யார், முப்பது ஆண்டுகளாக ஆலையில் உழைக்கும் துருக்கியத் தொழிலாளிக்கு ஏன் வாக்கு இல்லை என்ற கேள்விகளுக்கு வந்து சேர அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த வழி தானாக அமைந்துவிடவில்லை. 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹே நகரில் கட்சி தொடங்கப்பட்டபோது மண்டபத்தில் இரண்டு விதமான பசுமை இருந்தது. ஒரு பக்கம் ஹெர்பெர்ட் குரூல். பழமைவாதக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1978இல் அதை விட்டு வெளியேறியவர். இயற்கையின் எல்லையை மதிப்பது, நுகர்வைக் குறைப்பது, மரபைக் காப்பது ஆகியவை அவருக்கு ஒன்றோடொன்று பிணைந்தவை. தொழிலாளர் உரிமையோ சிறுபான்மையினர் உரிமையோ அந்தப் பட்டியலில் இல்லை. மறுபக்கம் மாணவர் இயக்கத்திலிருந்தும், பெண்கள் இயக்கத்திலிருந்தும், அமைதி இயக்கத்திலிருந்தும், நகரங்களின் இடதுசாரிக் குழுக்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பெட்ரா கெல்லியின் பெயரைத் தனியே சொல்ல வேண்டும். அணு ஆயுதத்தையும் அணுமின்சாரத்தையும் மனித உரிமையையும் ஒரே மூச்சில் பேசியவர் அவர். கட்சி தன் தூண்களாக அறிவித்த நான்கு, சூழல், சமூகம், அடித்தள ஜனநாயகம், வன்முறையின்மை என்பவை. அவற்றுள் இரண்டாவது தூண் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. குரூல் தரப்பு தோற்றது. 1981இல் அவர் கட்சியை விட்டு வெளியேறி, மறு ஆண்டு வேறொரு சிறிய சூழல் கட்சியைத் தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது, ஆனால் ஜெர்மானிய நாடாளுமன்றத்துக்குள் ஒரு முறை கூட வாக்கில் வென்று நுழைந்ததில்லை. ஆகவே தொடக்கக் கேள்விக்குப் பின்னால் உள்ள, 'சூழலை மட்டும் பேசும் சூழல் கட்சி' என்ற வடிவம் உண்மையிலேயே முயன்று பார்க்கப்பட்டது. வாக்காளர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

1983 தேர்தலில் பசுமைக் கட்சி 5.6 சதவீத வாக்குகள் பெற்று, இடம் பெறத் தேவையான 5 சதவீத வரம்பைத் தாண்டி, 28 உறுப்பினர்களுடன் பான் நகரிலிருந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அமில மழையில் பட்டுப்போன மரக்கிளைகளோடும் பூந்தொட்டிகளோடும் அவர்கள் வந்த காட்சியைப் பத்திரிகைகள் பெரிதாக வெளியிட்டன. என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமான காட்சி சில வாரங்கள் கழித்து, மே 5 அன்று நிகழ்ந்தது. வால்ட்ராவுட் ஷொப்பே என்ற உறுப்பினர் பேச எழுந்தார். திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்ச்சியைக் குற்றமாக்க வேண்டும் என்றார். அவையில் சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. இந்த அவைக்குள் அன்றாடம் பெண்களை இழிவாக நடத்துவதை நீங்கள் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னபோது, ஆண் உறுப்பினர்கள் தொடையைத் தட்டாத குறையாகச் சிரித்தார்கள். அன்று சிரித்த அதே அவை 1997 மே மாதம், எல்லாப் பெரிய கட்சிகளின் பெண் உறுப்பினர்களும் கைகோத்த நிலையில், அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினான்கு ஆண்டுகள் ஆயின.

ஷொப்பேயின் கட்சி வெளியே கேட்டதை உள்ளேயும் செய்தது. 1984இல் அதன் நாடாளுமன்றக் குழுவின் தலைமைப் பொறுப்பு முழுவதும் ஆறு பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1986இல் பெண்களுக்கான விதிமுறை கட்சியின் சட்டமானது: வேட்பாளர் பட்டியலில் 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்கள் பெண்களுக்கு. பட்டியலின் மேலிருந்து கீழாக இடங்கள் நிரம்பும் தேர்தல் முறையில் இதன் விளைவு என்ன என்பதை எளிதில் கணக்கிடலாம். எத்தனை பேர் வென்றாலும் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருப்பார்கள். கட்சிக் கூட்டங்களில் பேசுவோர் வரிசையும் ஆண், பெண் என மாறி மாறி அமையும். நம் நாட்டில் இடஒதுக்கீடு என்று சொல்வதற்கு ஜெர்மானிய அரசியலில் மிக நெருங்கி வரும் ஏற்பாடு இதுதான். சமூக ஜனநாயகக் கட்சி இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறைந்த அளவில் அதைப் பின்பற்றியது. பழமைவாதிகளும் பின்னர் ஏதோ ஒரு வடிவில் அதற்கு வந்து சேர வேண்டியிருந்தது.

எல்லாக் கதவுகளையும் திறந்துவைப்பதே ஜனநாயகம் என்ற நம்பிக்கைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. சிறுவர் மீதான பாலியல் செயல்களுக்குரிய தண்டனையை நீக்கக் கோரிய குழுக்கள் அந்தத் தொடக்க ஆண்டுகளில் கட்சிக்குள் இடம்பிடித்தன. கட்சியே கேட்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளியானபோது தலைமை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. யாருடைய குரல் கேட்கப்படவில்லை என்று தேடிய கட்சி, தன் அவையில் குரலே இல்லாத குழந்தைகளை மறந்திருந்தது.

தேசிய அரசியலில் அதற்கு விழுந்த முதல் பெரிய அடி 1990இல். பெர்லின் சுவர் விழுந்து, இரு ஜெர்மனிகளும் இணைந்து, நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தேர்தலில், மேற்குப் பசுமைக் கட்சி ஒட்டிய சுவரொட்டி இப்படிச் சொன்னது: "எல்லோரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள். நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்." பழைய ரயில்வே விளம்பரம் ஒன்றைத் திருப்பிப்போட்ட கிண்டல் அது, புவி வெப்பமாதலைக் குறித்துச் சொன்னது. முப்பது ஆண்டு கழித்துப் படித்தால் தீர்க்கதரிசனம். அன்றைக்கோ, வீட்டில் கல்யாணம் நடக்கும்போது கூரை ஒழுகுகிறது என்று முறையிடுவதைப் போல ஒலித்தது. மேற்கில் 4.8 சதவீதம் பெற்று வெளியே தள்ளப்பட்டது. கிழக்கில் சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்ற குடிமக்கள் இயக்கங்களின் கூட்டணி 8 இடங்களை வென்றதால்தான் பசுமையின் பெயர் அவையில் நிலைத்தது. சுற்றுச்சூழல் தரவுகளையே அரசு இரகசியமாக்கி வைத்திருந்த கிழக்கு ஜெர்மனியில், ஆற்று நீரின் தரத்தைக் கேட்பதே அரசை எதிர்ப்பதாக இருந்தது. 1993இல் இரு தரப்பும் ஒன்றானபோது, மேற்கின் இடதுசாரிக் கனவோடு கிழக்கின் மனித உரிமைப் பிடிவாதமும் கட்சிக்குள் வந்தது. ஆனால் கட்சிக்குக் கிழக்கில் இன்றுவரை வேர் பிடிக்கவில்லை. 2024இல் துரிங்கியா, பிராண்டன்பர்க் ஆகிய இரண்டு மாநிலச் சட்டமன்றங்களிலிருந்தும் வெளியேறியது.

குடியுரிமை விவகாரம், முதல் கேள்வியில் அது பெற்ற மிகப் பெரிய வெற்றி. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜெர்மானியர் என்பது இரத்தத்தால் வருவது. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தாலும், பெற்றோர் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவரே. சமூக ஜனநாயகக் கட்சியோடு ஆட்சிக்கு வந்த பசுமைக் கட்சி, 2000 ஜனவரி 1 முதல் இதை மாற்றியது. பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டுகள் சட்டபூர்வமாக வசித்திருந்தால் குழந்தை ஜெர்மானியக் குடிமகனாகவே பிறக்கும் என்று அன்று ஆயிற்று. இரட்டைக் குடியுரிமையை முழுமையாகக் கொண்டுவர முயன்றபோது எதிர்க்கட்சி ஹெஸ்ஸன் மாநிலத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தி மாநிலத் தேர்தலையே வென்றது. மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அமரும் மேலவையில் பெரும்பான்மை போயிற்று, பாதிச் சட்டத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. மீதிப் பாதி 2024 ஜூனில்தான் வந்தது.

அகதிகள் விஷயத்திலும் தொடக்க நிலைப்பாடு தெளிவானது. 1980களில் இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கோரிய தமிழர்கள் நம்மில் பலருக்கு உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார்கள். 'அரசியல் ஒடுக்குமுறைக்கு ஆளானோருக்குத் தஞ்சம் உண்டு' என்ற அரசமைப்பு வாசகமே அவர்களுக்குப் பற்றுக்கோடு. 1993இல் அந்த உரிமை பெருமளவு சுருக்கப்பட்டபோது பசுமைக் கட்சியினர் எதிர்த்தார்கள். ஆட்சிப் பொறுப்பு வந்ததும் அந்த உறுதி தளர்ந்தது. பால்கன் நாடுகள் சிலவற்றைப் 'பாதுகாப்பான நாடுகள்' என அறிவிக்கும் சட்டத்துக்கு 2014இல், அப்போது அக்கட்சியின் ஒரே மாநில முதலமைச்சராக இருந்த வின்ஃப்ரீட் கிரெட்ஷ்மன் மேலவையில் ஆதரவளித்தார். 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையிலேயே தஞ்ச மனுக்களை விசாரிக்கும் ஏற்பாட்டுக்கு வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்போக் சம்மதித்தபோது, கட்சிக்குள்ளேயே நூற்றுக்கணக்கானோர் எதிர்த்தார்கள்.

போர் பற்றிய மாற்றம் எல்லோரும் அறிந்த கதை என்பதால் விரைவாகக் கடக்கிறேன். 1999 மே 13 அன்று பீலஃபெல்ட் மாநாட்டில், கொசோவோவுக்காக நேட்டோ நடத்திய குண்டுவீச்சை ஆதரித்த வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் மீது சிவப்புச் சாயப் பை வீசப்பட்டு அவருடைய செவிப்பறை கிழிந்தது. இனிப் போர் வேண்டாம் என்பதோடு, இனி ஆஷ்விட்ஸ் (நாஜிகளின் யூதப் படுகொலை முகாம்) வேண்டாம் என்பதும் தன் கொள்கை என்று அவர் வாதிட்டார். மாநாடு அவர் பக்கம் சாய்ந்தது. 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பும் முடிவைப் பிரதமர் நம்பிக்கை வாக்கெடுப்போடு இணைத்தபோது, எதிர்க்க நினைத்த எட்டுப் பசுமை உறுப்பினர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு நால்வர் ஆதரித்தும் நால்வர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். அரசும் கவிழவில்லை, மனசாட்சியும் பதிவாயிற்று! தேவையான 334க்கு 336 வாக்குகள் கிடைத்தன. உக்ரைன் போரில், போர்ப் பகுதிகளுக்கு ஆயுதம் கூடாது என்று 2021 தேர்தலில் சொன்ன அதே கட்சி, மறு ஆண்டே கனரக ஆயுதம் வேண்டும் என்று கூட்டணியில் முதலில் பேசியவர்களுள் ஒன்றாயிற்று. இதைத் துரோகம் என்பாரும் உண்டு. பாதிக்கப்பட்டோரைக் கேட்டு முடிவெடு என்ற பழைய வீல் ஊர் விதியின் நீட்சியாகவே கட்சியின் பெரும்பான்மை இதைப் பார்க்கிறது. எனக்கும் அது முற்றிலும் பொய்யாகப் படவில்லை.

இனி, இரண்டாவது கேள்வி. இதுவே உண்மையான சோதனைக்களம்.

1998 மார்ச்சில் மாக்டெபுர்க் மாநாட்டில், பத்து ஆண்டுகளில் பெட்ரோல் விலையைப் படிப்படியாக லிட்டருக்கு 5 மார்க் ஆக்க வேண்டும் என்று கட்சி தீர்மானித்தது. அன்றைய விலையில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. பேருந்தே வராத கிராமத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் காரோட்டி ஆலைக்குப் போகிறவருக்கு அது என்னவாக ஒலித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே நடந்த சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத் தேர்தலில் கட்சி சட்டமன்றத்தை விட்டு வெளியேறியது. ஆட்சிக்கு வந்தபின் 1999 ஏப்ரலில் தொடங்கிய சூழல் வரி அடக்கமானது: ஆண்டுக்கு லிட்டருக்கு 6 ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்), ஐந்து தவணை. வரும் பணத்தில் பெரும்பகுதியை ஓய்வூதிய நிதிக்குக் கொடுத்து, சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பங்களிப்பைக் குறைத்தார்கள். எரிபொருளுக்கு அதிக வரி, உழைப்புக்குக் குறைந்த வரி என்பது கணக்காக அழகானது. ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டை இருந்தது. சம்பளமே இல்லாத ஓய்வூதியருக்கும், வேலையில்லாதவருக்கும், மாணவருக்கும் சம்பளப் பிடித்தம் குறைந்து என்ன பயன்? அவர்கள் வரியை மட்டும் கட்டினார்கள்.

அதே ஆட்சிதான் 2005 ஜனவரி முதல் 'ஹார்ட்ஸ் நான்கு' என்று அழைக்கப்பட்ட உதவித்தொகை மாற்றத்தைக் கொண்டுவந்தது. நீண்ட நாள் வேலையிழந்தவர் முன்பு தன் பழைய ஊதியத்தை ஒட்டிப் பெற்ற தொகை போய், எல்லோருக்கும் மேற்கில் மாதம் 345 யூரோ, கிழக்கில் 331 யூரோ என்றாயிற்று. வேலை தேடும் நிபந்தனைகளை மீறினால் அதிலும் வெட்டு. பசுமைக் கட்சி அதற்கு வாக்களித்தது. பழி பெரும்பாலும் சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போனதால் இவர்கள் தப்பினார்கள் என்றே சொல்லலாம். 2018இல் தலைவர் ராபர்ட் ஹாபெக், தண்டனை வெட்டு இல்லாத உத்தரவாதத் தொகை வேண்டும் என்று எழுதியது அந்தப் பழைய வாக்கின் மீதான தாமதமான திருத்தம்.

மூன்றாவது சூடு 2023இல், வீட்டு வெப்பமூட்டும் கருவிகள் தொடர்பான சட்டத்தில். பொருளாதார அமைச்சரான ஹாபெக்கின் வரைவு அந்த ஆண்டு பிப்ரவரியில் பத்திரிகைக்குக் கசிந்தது: 2024 முதல் புதிதாகப் பொருத்தும் எந்தக் கருவியும் குறைந்தது 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும். நடைமுறையில் எண்ணெய், எரிவாயுக் கொதிகலன் பழுதானால் அதற்குப் பதில் பெரும்பாலும் ஹீட் பம்ப். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தரும் கருவி அது; குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிவைத்தது போல. நல்ல கருவிதான், ஆனால் பழைய வீட்டில் பொருத்தும் செலவோடு பல பத்தாயிரம் யூரோ ஆகிவிடக்கூடும். மானியம் எவ்வளவு என்பது வரைவோடு கூடவே வெளிவரவில்லை. இதுதான் தும்பை விட்டு வாலைப் பிடித்த இடம். அறுபத்தெட்டு வயதில், கடன் அடைத்த சொந்த வீட்டில், சிறிய ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அந்த வாரம் நாளிதழில் படித்தது செலவை மட்டுமே. உதவியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பின்னர் வந்த மானிய ஏற்பாட்டைப் பார்த்தால், கட்சிக்குள் கணக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது புரியும். எல்லோருக்கும் 30 சதவீதம். பழைய கருவியைச் சீக்கிரம் மாற்றினால் 20. வரிக்குரிய குடும்ப வருமானம் ஆண்டுக்கு 40,000 யூரோவுக்குள் இருந்தால் மேலும் 30. மொத்தம் 70 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 30,000 யூரோ வரையிலான செலவுக்கு இது பொருந்தும் என்பதால், ஏழைக் குடும்பம் 21,000 யூரோ வரை பெறலாம். வாடகைக்கு இருப்போர் ஜெர்மனியில் பாதிக்கும் சற்று மேல். புதிய கருவிக்காக வீட்டுக்காரர் ஏற்றும் வாடகை மாதம் சதுர மீட்டருக்கு 50 சென்ட்டைத் தாண்டக் கூடாது என்றும் எழுதப்பட்டது. இவை எல்லாம் நியாயமான விதிகள். ஆனால் பிப்ரவரியில் கசிந்த வாசகத்தை நாடு நினைவில் வைத்துக்கொண்டது; செப்டம்பரில் நிறைவேறிய பட்டியலை யாரும் படிக்கவில்லை.

அதே ஆட்சியின் இன்னொரு சட்டம் இவ்வளவு சத்தமில்லாமல் வந்தது. கரியமில வாயுவுக்கான கட்டணம் 2021 முதல் வீட்டு எரிபொருளிலும் சேர்க்கப்பட்டபோது, முழுச் சுமையையும் வாடகைதாரர் சுமந்தார். கொதிகலனை மாற்றும் அதிகாரமோ சுவருக்குக் காப்பு போடும் அதிகாரமோ அவருக்குக் கிடையாது, அது வீட்டுக்காரருடையது. 2023 ஜனவரி முதல் அந்தக் கட்டணம் இருவருக்கும் இடையே பத்துப் படிகளில் பிரிகிறது. மோசமாகக் காப்பிடப்பட்ட வீட்டில் 95 சதவீதத்தை வீட்டுக்காரர் கட்ட வேண்டும். வீடு நன்றாக இருந்தால் அவர் பங்கு குறைந்துகொண்டே வந்து பூஜ்ஜியமாகும். யாரால் மாற்ற முடியுமோ அவர் செலவை ஏற்கட்டும் என்ற இந்த விதியில், முடிவெடுப்பவர் யார், செலவை ஏற்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கட்சி இதை மேடைதோறும் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சொல்லாமல் விட்டது ஒருபுறம். செய்யாமல் விட்டது மறுபுறம். கரியமில வாயுக் கட்டணத்தில் வரும் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று மக்களுக்கே திருப்பித் தரும் 'காலநிலைப் பணம்' 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருந்தது. பெரிய வீடும் இரண்டு காரும் வைத்திருப்பவர் அதிகம் கட்டுவார், சிறிய வீட்டில் இருப்பவர் கட்டியதைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெறுவார் என்பதால், சூழலையும் நீதியையும் ஒரே கயிற்றில் கட்டும் திட்டம் அது. கட்டணம் டன்னுக்கு 25 யூரோவில் தொடங்கி 2025இல் 55 ஆயிற்று. மக்கள் கையில் ஒரு சென்ட் கூடத் திரும்பவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கான அடிப்படைத் தொகைக்கு அமைச்சர் லீசா பாவுஸ் 1,200 கோடி யூரோ கேட்டார். நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னருடன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி 240 கோடிக்கு இறங்கினார். அந்தச் சட்டமும் நிறைவேறவில்லை. கூட்டணியில் பங்காளியான, லிண்ட்னரின் தாராளவாதக் கட்சி தடுத்தது என்பது உண்மை. ஆனால் ஹீட் பம்புக்காகக் கூட்டணியையே உலுக்கிய கட்சி, இவற்றுக்காக அந்த அளவுக்கு நின்றதா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

இதன் விளைவு தேர்தலில் தெரிந்தது. 2021இல் 14.8 சதவீதமாக இருந்த வாக்கு 2025 பிப்ரவரியில் 11.6 ஆகக் குறைந்தது. அதே தேர்தலில் வாடகை, விலைவாசி, பணக்காரர் மீது வரி என்று மூன்றே விஷயங்களை விடாமல் பேசிய இடதுசாரிக் கட்சி 8.8 சதவீதத்துக்கு எழுந்தது. பசுமைக் கட்சியிடமிருந்து இளைஞர்கள் பலர் அங்கே போனார்கள். அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், பசுமை இளைஞர் அணியின் தலைமை மொத்தமும் கட்சியை விட்டு விலகியிருந்தது. ஏழைகளின் பக்கம் நிற்கும் கட்சியாக இது இனி மாறாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

தோற்ற பிறகும் அக்கட்சிக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 2025 மார்ச்சில், வரப்போகும் அரசு உள்கட்டமைப்புக்காக 50,000 கோடி யூரோ கடன் வாங்க அரசமைப்பைத் திருத்த விரும்பியது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குக்குப் பசுமைக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. அதற்கு விலையாக அவர்கள் 10,000 கோடியைக் காலநிலை நிதிக்கு ஒதுக்க வைத்தார்கள். 2045க்குள் காலநிலைச் சமநிலை என்ற சொற்களை அரசமைப்பிலேயே எழுத வைத்தார்கள். அந்த நிதியிலிருந்து புதிய அரசு முதலில் செய்தவற்றுள் ஒன்று, எரிவாயுவைக் கிடங்குகளில் இருப்பு வைப்பதற்காக நுகர்வோர் செலுத்திவந்த கட்டணத்தை ரத்து செய்து அதன் பாக்கியான ஏறத்தாழ 340 கோடி யூரோவை அடைத்தது. காலநிலைப் பணத்தில் எரிவாயுவை மலிவாக்குவதா என்று பசுமைக் கட்சி கொதித்தது; அதற்குப் பதில் மின்சார வரியை எல்லா வீடுகளுக்கும் குறைத்திருக்கலாமே என்றது. அரசு சொன்ன பதில், எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் கோடிக்கணக்கான மக்களுக்கு இதனால் செலவு குறைகிறது என்பது. அந்தக் கோடிக்கணக்கானோரில் பலர், தங்கள் கொதிகலனைத் தாங்களே தேர்ந்தெடுக்காத வாடகைதாரர்கள்.